தண்ணீர் வருமுன் கணக்கு: தூர்வாரும் பணிகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கடைமடைப் பாசன விவசாயிகள் சங்கம்,
வெண்ணாற்றுப் பாசனப் பகுதி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கண்காணிப்புப் பொறியாளர் அவர்கள், நீர்வளத் துறை,
செயற்பொறியாளர் அவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறை.

பொருள்: ஆறு, வாய்க்கால், வடிகால் தூர்வாரும் பணிகளின் மதிப்பீடு, மண் அளவு, செலவுக் கணக்கு ஆகியவற்றை மேட்டூர் அணை திறக்கப்படும் முன்பே பாசனதாரர்கள் முன்னிலையில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுவது மரபு. மூடியதற்கும் அடுத்த திறப்புக்கும் இடையில் கிடைக்கிற நாலரை மாதத்தில்தான் காவிரிப் படுகையின் வாய்க்கால்கள் வறண்டு, அடித்தரை கண்ணுக்குத் தெரியும். தூர்வாரவும், தூர்வாரியதை அளந்து பார்க்கவும் அதை விட்டால் வேறு காலம் இல்லை. அணை திறந்த மூன்று, நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து விடுகிறது. அதற்குப் பிறகு எந்த வாய்க்காலில் எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று எந்த அதிகாரியாலும், எந்தத் தணிக்கையாளராலும் நேரில் பார்த்துச் சொல்ல முடியாது. நாங்கள் கேட்கிற எல்லாமே இந்த ஒரு காரணத்தால் கேட்பவை.

அரசு பணம் ஒதுக்கவில்லை என்று நாங்கள் குறை சொல்ல வரவில்லை. டெல்டா மாவட்டங்களில் 2022-இல் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டருக்கும், 2023-இல் 90 கோடி ரூபாயில் 4,773 கிலோமீட்டருக்கும் தூர்வாரும் பணிகள் எடுக்கப்பட்டன. ஆண்டுதோறும் சிறப்பு நிதி ஒதுக்கி இந்தப் பணியைச் செய்வதற்கு விவசாயிகள் நன்றியுடையவர்கள். ஆனால் பணம் தந்த அரசுக்கும், அந்தப் பணத்தின் பலனை நம்பி நாற்று விடுகிற எங்களுக்கும் ஒரே மாதிரியான கணக்கு வேண்டாமா? இன்று எங்களுக்குக் கிடைப்பது கிலோமீட்டர் கணக்கு மட்டும்தான்.

மேலே சொன்ன தொகைகளை நீளத்தால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 2022-இல் சுமார் 1.6 லட்சம் ரூபாயும், 2023-இல் சுமார் 1.9 லட்சம் ரூபாயும் வருகிறது. பெரிய ஆறும் இதில் அடக்கம், ஆள் தாண்டிவிடக்கூடிய வாய்க்காலும் அடக்கம். இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு வாய்க்காலில் வேலை நடந்ததா இல்லையா என்று யாரும் முடிவு செய்ய முடியாது. மூன்று மீட்டர் அடியகலம் உள்ள வாய்க்காலில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வண்டல் எடுத்தால் கிலோமீட்டருக்கு 900 கன மீட்டர் மண் கரைக்கு வர வேண்டும். பத்து சென்டிமீட்டர் மட்டும் சுரண்டினால் 300 கன மீட்டர்தான் வரும். இரண்டுக்கும் அறிவிப்பில் ஒரே எழுத்துதான்: ஒரு கிலோமீட்டர் தூர்வாரப்பட்டது. மீதி 600 கன மீட்டர் எடுக்கப்பட்டதா, எடுத்ததாக எழுதப்பட்டதா என்ற கேள்விக்குக் கிலோமீட்டரில் பதில் கிடையாது.

எங்கள் பகுதியில் ஒரு கிளை வாய்க்காலில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். வாய்க்காலின் பெயரையோ, அலுவலர், ஒப்பந்தக்காரர் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஒருவரைக் குறிவைப்பதற்காக இந்த மனு எழுதப்படவில்லை. நேரில் கேட்டால் இடத்தைக் காட்டத் தயாராக இருக்கிறோம். சாலைப் பாலத்திலிருந்து பார்வைக்கு எட்டும் தூரம் வரை வாய்க்கால் நறுக்கென்று வெட்டியிருந்தது. இரண்டு கரையும் சரிவு பிடித்து, அடித்தரை சமமாக இருந்தது. வளைவு திரும்பியதும் நிலைமை மாறியது. ஹிட்டாச்சி இயந்திரம் கரையோரக் கோரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் மட்டும் வழித்துப் போட்டிருந்தது. நடுவில் வண்டல் மேடு அப்படியே முதுகு காட்டிக்கொண்டு கிடந்தது. வழித்த செடியும் மண்ணும் கரைக்கு வெளியே போகவில்லை. உட்சரிவின் விளிம்பிலேயே குவிக்கப்பட்டிருந்தன. ஒரு கோடை மழைக்கு அவற்றில் பாதி மறுபடி வாய்க்காலுக்குள் இறங்கியது. இன்னும் கீழே போனால், பிரிவு மதகில் ஷட்டரைத் தூக்குகிற திருகே இல்லை. பணி விவரப் பலகை நட்டபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பலகையில் மதிப்பீட்டுத் தொகையும் நீளமும் இருந்தன. ஆழம் இல்லை, மண் அளவு இல்லை.

அந்த ஆண்டு தலைமடையில் நடவு முடிந்து களை எடுக்கிற சமயத்தில்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் எட்டியது. பல பேர் டீசல் இன்ஜின் வைத்து வடிகாலில் கிடந்த தண்ணீரை இறைத்து நாற்றங்காலைக் காப்பாற்றினார்கள். வாடகையும் டீசலும் கடன். அரசு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்ட ஒரு வேலைக்கு, விவசாயி தன் கைக்காசை இரண்டாவது முறையாகக் கொடுத்தான் என்றே நாங்கள் இதைப் பார்க்கிறோம்.

தாமதத்துக்கு ஒரு காரணம் எங்களுக்கும் தெரியும். மார்ச் 31-உடன் நிதியாண்டு முடிகிறது. புதிய ஆண்டின் ஒதுக்கீடு வந்து, அரசாணை வெளியாகி, ஒப்பந்தப்புள்ளி திறந்து, இயந்திரம் வாய்க்காலில் இறங்கும்போது பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, சில இடங்களில் மே பாதி. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ஓட்டத்தில் செய்த வேலையைச் சரிபார்க்க நேரம் இல்லை, சரிபார்க்காத வேலைக்குப் பட்டியல் எழுதத் தடை இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வீணாகப் போகின்றன. சம்பா அறுவடை முடிந்து, இயந்திரம் வரப்போரம் இறங்கினாலும் பயிர் சேதம் ஆகாத மாதங்கள் அவை. எனவே முதல் கோரிக்கையாக, வரும் ஆண்டுக்கான பணிப் பட்டியலும் மதிப்பீடுகளும் ஜனவரியிலேயே முடிவு செய்யப்பட்டு, மார்ச் தொடக்கத்தில் வேலை ஆரம்பிக்கும்படி அரசாணையை முன்கூட்டியே பெற ஆட்சித் தலைவர் அவர்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது கோரிக்கைதான் எங்களுக்கு உயிர்நாடி. ஒவ்வொரு வாய்க்காலிலும் வேலை தொடங்கும் முன் ஒரு முறையும், முடிந்தபின் தண்ணீர் விடும் முன் ஒரு முறையும் குறுக்குவெட்டு மட்டம் எடுக்கப்பட வேண்டும். அந்த இரண்டு நாளும் எது என்பதைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி, பாசனதாரர்களை அழைக்க வேண்டும். எடுத்த மட்டத்தை அதே இடத்தில் வாசித்துக் காட்டி, வந்திருக்கும் விவசாயிகளிடம் கையொப்பம் பெற்று அளவுப் புத்தகத்துடன் இணைக்க வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதும் அளவை உதவிச் செயற்பொறியாளர் சரிபார்ப்பது துறையின் நடைமுறை. அந்தச் சரிபார்ப்பு வாய்க்காலின் வரப்பில் நடக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, தனி நிதியும் தேவையில்லை. மட்டக்கருவியும் அளவுகோலும் துறையிடம் இருக்கின்றன. பார்க்கிற கண்ணை நாங்கள் தருகிறோம்.

இந்தக் கையொப்பம் இல்லாத பணிக்கு இறுதிப் பட்டியல் தொகை வழங்கக் கூடாது. நேர்மையாக வேலை செய்கிற ஒப்பந்தக்காரருக்கும் பொறியாளருக்கும் இது பாதுகாப்பு என்பதை உணர்ந்தே கேட்கிறோம். அப்படிப்பட்டவர்கள் எங்கள் பகுதியிலும் இருக்கிறார்கள். மே மாத வெயிலில் குடை கூட இல்லாமல் வாய்க்காலுக்குள் நின்று மட்டம் பார்த்த இளம் பொறியாளர்களை எங்கள் உறுப்பினர்கள் நன்றாக அறிவார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறதே, கேட்டுப் பெற்றுக்கொள்ளலாமே என்று எங்களிடம் சொல்லப்படுவதுண்டு. அந்தச் சட்டத்தின் பிரிவு 2(j)-இன்படி, தகவல் பெறும் உரிமையில் பணிகளை நேரில் ஆய்வு செய்வதும், பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மே பாதியில் இயந்திரம் இறங்கி, ஜூன் நடுவில் தண்ணீர் வந்துவிடுகிற வேலைக்கு 30 நாள் கழித்து ஆய்வு அனுமதி கிடைத்து என்ன பயன்? மனு போட்டவர் கையில் காகிதம் இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். அதனால்தான் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்லும் பிரிவு 4-இன்படி, ஒவ்வொரு பணியின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி விவரம், வேலைக்கு முந்தைய மட்டம், எடுக்க வேண்டிய மண்ணின் அளவு கன மீட்டரில், ஒப்பந்தக்காரர் பெயர், பொறுப்புப் பொறியாளர் பெயர் ஆகியவற்றை வேலை தொடங்கும் நாளிலேயே தமிழில் வெளியிடக் கோருகிறோம். மாவட்ட இணையதளத்தில் போட்டால் மட்டும் போதாது. வேலை நடக்கும் இடத்தில் பலகையாகவும், ஊராட்சி அலுவலகத்தில் தாளாகவும் இருக்க வேண்டும்.

கிராம சபைக்கும் இதில் வேலை இருக்கிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. தண்ணீரின் பெயரால் கூடும் அந்தச் சபையில் அந்த ஊரின் தூர்வாரும் பணிப் பட்டியல் வைக்கப்படட்டும். எந்த வாய்க்கால் விடுபட்டது, எது தேவையில்லாமல் இரண்டு ஆண்டு தொடர்ந்து எடுக்கப்படுகிறது என்பதை ஊர்க்காரர்கள் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். மே 1 கூட்டத்தில் நடப்பு நிலையும், ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வழங்கப்பட்ட தொகையும் படிக்கப்பட வேண்டும். பிரிவுப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, யார் பொறுப்பு என்ற குழப்பம். ஆற்றிலிருந்து வயல் வரை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்த வாய்க்கால்களில் ஏ, பி வாய்க்கால்களை நீர்வளத் துறை பார்க்கிறது. சி, டி வாய்க்கால்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை என்கிறார்கள்; சில ஊர்களில் ஊராட்சியும் ஊரக வேலைவாய்ப்புத் திட்டமும் என்கிறார்கள். தண்ணீருக்கு இந்த எழுத்துகள் தெரியாது. ஏ வாய்க்காலை ஆழப்படுத்திவிட்டு டி வாய்க்காலைத் தூர்ந்தபடி விட்டால் வயலுக்கு ஏறாது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் எல்லா வாய்க்கால், வடிகால்களையும் வரிசையாக எழுதி, எதிரே பொறுப்புத் துறையையும் கடைசியாகத் தூர்வாரிய ஆண்டையும் குறித்த ஒரே பட்டியலை இரு துறைகளும் சேர்ந்து வெளியிட வேண்டும்.

வடிகால்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பாசன வாய்க்காலுக்குக் கிடைக்கும் கவனம் வடிகாலுக்குக் கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் மேலே உள்ள ஊர்களின் வெள்ளமெல்லாம் கடலுக்குப் போகும் வழி எங்கள் வயல்கள் வழியாகத்தான். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் சம்பா இளம்பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்து அழுகுகிறது. பிறகு பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு, நிவாரணம் என்று அரசு மறுபடி செலவு செய்கிறது. ஆகவே பட்டியலில் வடிகால்களுக்கும் கடைமடைக்கும் முன்னுரிமை தருமாறு வேண்டுகிறோம்.

2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது, வேலையின் மதிப்பில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று விதி இருந்தது. ஏரியும் வாய்க்காலும் உங்களுடையவை, உங்கள் பங்கு வேண்டும் என்று அப்போது எங்களிடம் சொல்லப்பட்டது. அதை நாங்கள் மனதார ஏற்றோம். உரிமையாளருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன முறை மேலாண்மைச் சட்டம், 2000-இன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்ட நோக்கமும் இதுவே. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் அமைக்கப்படும் கண்காணிப்புக் குழுவில் கடைமடை விவசாயி ஒருவரும், பெண் விவசாயி ஒருவரும், நிலமற்ற விவசாயத் தொழிலாளி ஒருவரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஒப்பந்தக்காரரின் உறவினரோ, அந்தப் பணியில் இயந்திரம் வாடகைக்கு விட்டவரோ குழுவில் இருக்கக் கூடாது.

கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் பகுதியில் நடந்த பணிகளுக்கு உரிய அளவுப் புத்தகங்களைப் பார்வையிட ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் கேட்கிறோம். பழைய மட்டங்கள் தெரிந்தால்தான் எந்த வாய்க்கால் எவ்வளவு வேகத்தில் தூர்கிறது என்று துறையும் நாங்களும் சேர்ந்து திட்டமிட முடியும். பிரிவு மதகுகளில் ஷட்டரும் திருகும் இல்லாத இடங்களின் பட்டியலை இந்த மனுவுடன் இணைத்துள்ளோம். அவற்றைத் தூர்வாரும் பணி மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இந்த மனுவை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கிறோம். "மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலைத் தவிர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கப்பட்டது, ஏற்க இயலாது, இயலாததற்குக் காரணம் என்று எழுத்துப்பூர்வமான பதிலை அடுத்த குறைதீர் கூட்டத்துக்குள் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மார்ச் முதல் வாரத்தில் இரு துறைப் பொறியாளர்களும் எங்களுடன் ஒரு நாள் வாய்க்கால்களை நடந்து பார்க்கத் தேதி குறித்துத் தந்தால், வழிகாட்ட ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் நிற்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் பாசனதாரர்கள்.

இணைப்பு: 1. பழுதான மதகுகளின் பட்டியல். 2. தூர்ந்த வடிகால்களின் கிராம வாரிப் பட்டியல். 3. உறுப்பினர் கையொப்பங்கள்.

நகல்: நீர்வளத் துறை அரசுச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை.