ஜெர்மனில் எரிச்சல்படுவது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பவர்களின் காலை வாரிவிடுவது இலக்கணம் மட்டும் இல்லை. எரிச்சலும்தான்!

‘இரிட்டேட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனிலும் ‘இரிட்டியர்ட்’ உண்டு. இரண்டும் லத்தீனில் இருந்து வந்தவை. ஆனால் ஜெர்மன்காரர் அதைச் சொன்னால் பெரும்பாலும் ‘குழம்பிப்போயிருக்கிறேன்’ என்றுதான் அர்த்தம். ஒரு ஜெர்மன் மாணவர், “உங்கள் பதில் என்னை இரிட்டேட் செய்தது” என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினால் பேராசிரியருக்குச் சுருக்கென்று இருக்கும். பாவம், மாணவர் கேட்டது விளக்கம்தான்! குழாய் ஒழுகுகிறது என்று ஜெர்மன் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ள நினைத்து இதே சொல்லை எழுதிப் பாருங்கள். ‘இவருக்கு ஏதோ புரியவில்லை போல’ என்று அவர் பொறுமையாக விளக்குவார். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சரி, வேறு எதை எழுதுவது? நண்பர்களிடம் என்றால் ‘கெனெர்ஃப்ட்’. அதற்குள் இருப்பது நரம்பு. ஆபீஸ் கடிதத்துக்கு ‘ஃபெரெர்கெர்ட்’. குறிப்பிட்ட ஆள் மேல் கடுப்பு என்றால் ‘ஸவர்’, அதாவது புளிப்பு! ஈ, கொசு மாதிரித் தொல்லைகளுக்கு ‘லெஸ்டிஷ்’. சிடுசிடுப்புக்கும் தோல் எரிச்சலுக்கும் ‘கெரைட்ஸ்ட்’. ஆனால் அதே வேரில் பிறந்த ‘ரைட்ஸெண்ட்’ என்றால் வசீகரமான என்று பொருள். கொஞ்சம் அசந்தால் திட்டு பாராட்டாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் எரிச்சல் வெளியிலிருந்து வருகிறது. யாரோ, எதுவோ நம்மை எரிச்சல்படுத்துகிறது. ஜெர்மனில் ‘ஸிஷ் எர்கர்ன்’ என்று ஒரு வினை உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால், தன்னைத்தானே எரிச்சல்படுத்திக்கொள்வது. 1914-இல் பெருமளவில் தயாரிக்கப்பட்டு ஜெர்மனியெங்கும் பரவிய ஒரு பலகை விளையாட்டின் பெயரே ‘மென்ஷ் எர்கரெ டிஷ் நிஷ்ட்’, ‘மனுஷா, எரிச்சல்படாதே’ என்பதுதான். நம்மூர்ப் பச்சீசியின் வாரிசு அது. காய் வெட்டுப்பட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆகவே அகராதி காட்டும் முதல் சொல்லை அப்படியே நம்பாதீர்கள், ஒலி ஒத்துப்போகும் சொல்லை அறவே நம்பாதீர்கள். யார் மேல் எரிச்சல், எவ்வளவு எரிச்சல், யாரிடம் சொல்கிறோம் என்ற மூன்றையும் பார்த்த பிறகே சொல்லைத் தேடுங்கள். பெயர்ச்சொல்லில் தவறினால் சிரிப்பார்கள். கோபத்தில் தவறினால் ஒன்று உறவு கெடும், இல்லையென்றால் குழாய் ஒழுகும்.