காற்றை இறக்காதவர் கரைக்கு வரவேண்டாம்

மணலில் வண்டியைப் புதைத்துக்கொண்டவர் யாரானாலும் பழியை முதலில் மணல்மேல்தான் போடுவார். அடுத்தது அலைமேல். அதற்கும் அடுத்தது வண்டியை விற்ற கம்பெனிமேல். ஓட்டியவர்மேல் பழி வருவதே இல்லை. இந்தத் தலையங்கம் அவர்மேல்தான் பழி போடுகிறது.

நாம் பேசும் இடம் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கரை. அங்கே பெருநிலத்தை விட்டு விலகி, மெல்லிய மணல் தீவுகளாக நீண்டு கிடக்கிறது 'அவுட்டர் பேங்க்ஸ்'. அதில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளம் கேப் ஹட்டெராஸ் தேசியக் கடற்கரையாகப் பாதுகாக்கப்படுகிறது. 1937-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒப்புதல் தந்த, நாட்டின் முதல் தேசியக் கடற்கரை அது. மணல்மேட்டைக் கடந்து கரைக்கு இறங்க எண் போட்ட சரிவுப் பாதைகள் உண்டு. கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கினால் சொந்த வண்டியிலேயே அலையோரம் வரை போகலாம். அதற்காகப் பெரிய சக்கரம் மாட்டி, உயரம் ஏற்றி, ஆல்ட்ரேஷன் செய்ய வேண்டியதில்லை. ஃபோர்டு எஃப்-150, டொயோட்டா டகோமா போன்ற ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், கம்பெனியிலிருந்து வந்தபடியே போதும். ராலி, கேரி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது எட்டிவிடும் தூரத்துக் கரைதான்.

ஆக, வண்டி போதும். ஓட்டுகிறவர்தான் பல நேரம் போதவில்லை.

காய்ந்த மணலுக்குப் பிடிப்பு கிடையாது. அலை நனைத்த மணலில் துகள்களுக்கு இடையே இருக்கும் நீர் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அலையோரம் காலுக்குக் கெட்டியாக இருப்பது அதனால்தான். சற்று மேலே வெயிலில் வறுபட்ட மணலில் அந்த நீர் இல்லை. இரண்டு டன் எடையுள்ள பிக்கப்பை, ரோட்டுக்கு வைத்த 35 பி.எஸ்.ஐ. காற்றோடு அப்படியே அதில் இறக்கினால் என்ன ஆகும்? டயர் விறைத்து நிற்கும். மண்ணைத் தொடும் இடம் கொஞ்சம். எடை முழுக்க அந்தக் கொஞ்ச இடத்தில் விழ, சக்கரம் மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். காற்றை 20-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து உட்காரும். மணல் மிகவும் இளகிக் கிடக்கும் நாளில் இன்னும் சற்றுக் கீழே இறக்கலாம். அழுத்தம் பாதியானால் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மணலை வெட்டிய அதே வண்டி அதன்மேல் ஏறி ஓடும். அளவுக்கு மீறி இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதால்தான் கையில் அழுத்தமானி வேண்டும் என்கிறார்கள். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும். தொளதொளத்த டயரில் நெடுஞ்சாலை வேகம் போனால் சூடேறி வெடிக்கும்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை. வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியை அழுத்தி, மானி வைத்துப் பார்த்து, நான்கு டயரையும் முடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். அந்தக் கால் மணி நேரப் பொறுமைதான் நம் காலத்தில் பஞ்சமாகிவிட்டது. விளம்பரத்தில் பிக்கப் அலையைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது. அந்தப் படத்தில் குனிந்து காற்று இறக்குகிறவர் ஒருவரும் இல்லை. கார் கம்பெனிகள் விற்பது அந்தக் காட்சியை. வாங்குகிறவர் கரையில் இறங்கித் தேடுவதும் அதைத்தான்.

பிறகு நடப்பதை எந்தக் கரைவாசியும் மனப்பாடமாகச் சொல்வார். முன்சக்கரம் லேசாக இறங்குகிறது. அந்த நொடியில் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் வந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். சக்கரம் சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. கடைசியில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட, சக்கரங்கள் பிடிமானம் இல்லாமல் சும்மா சுழலும். இதற்குள் ஓதம் ஏறத் தொடங்கியிருக்கும். உதவிக்கு வருகிற நல்ல மனதுக்காரர், அவசரத்தில் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் கயிற்றைக் கட்டி இழுப்பார். அந்தக் குமிழ் முறிந்தால் குண்டாகப் பாயும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர் போயிருக்கிறது. எப்படியோ வண்டி வெளியே வருகிறது. கைதட்டல், விசில், வீடியோ. எல்லோரும் போய்விடுகிறார்கள். குழி மட்டும் அங்கேயே கிடக்கிறது.

நம் குற்றச்சாட்டு அந்தக் குழியைப் பற்றியது.

கோடையில் ஹட்டெராஸ் கரையில் பெருந்தலைக் கடலாமை முட்டையிடுகிறது. இரண்டு மாதம் கழித்து இரவில் மணலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. கடலின் மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்து அது நேராக நகர்கிறது. குறுக்கே டயர் தடம். நம் கணுக்கால் அளவுகூட இல்லாத அந்தப் பள்ளத்தின் கரை அதற்குச் சுவர். ஏறிப் பார்க்கும், சரியும், மறுபடி ஏறும். பிறகு தடம் போகிற போக்கிலேயே, கடலுக்கு இணையாக, மணிக்கணக்கில் நடக்கும். களைத்துக் கிடக்கும்போது நண்டு பிடிக்கும். விடிந்தால் பறவை கொத்தும். பைப்பிங் உப்புக்கொத்தி என்ற சிறு பறவையின் கதையும் இதுவே. அமெரிக்கச் சட்டம் 1986 முதல் பாதுகாக்கும் பறவை அது. அதன் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில்லை. பிறந்த சில மணி நேரத்தில் தானே ஈரமணலுக்கு ஓடி இரை பொறுக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் ஓடாது, மணலோடு மணலாக அசையாமல் படுத்துக்கொள்ளும். படுக்கத் தோதான பள்ளம் பல சமயம் டயர் தடமாக இருக்கிறது. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியாத அந்தக் குஞ்சு, உயரமான பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர் கண்ணில் எப்படிப் படும்?

காற்று இறக்கிய டயர் மேலோட்டமான தடத்தைப் போடுகிறது. இறக்காத டயர் உழுகிறது. ஆகவே காற்று இறக்குவது தன் வண்டியைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரம் மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். இறக்காமல் வருகிறவர் தன் சோம்பலுக்கான விலையை இன்னோர் உயிரின் தலையில் கட்டுகிறார். தெரியாமல் செய்தேன் என்பதும் செல்லாது. அனுமதிச் சீட்டு தரும்போதே விதிகளைச் சொல்லித்தான் தருகிறார்கள். அழுத்தமானி, மண்வெட்டி, ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்கப் பலகை, இந்த நான்கும் வண்டியில் இருந்தாக வேண்டும். வேகம் மணிக்கு 15 மைல். பள்ளம் தோண்டினால் மூடிவிட்டுப் போக வேண்டும். இதைவிட எளிய விதியை எந்த அரசாங்கமும் எழுத முடியாது.

2010 ஜூனில் ஓக்ரகோக் தீவில், இரவு ஓட்டத்துக்குத் தடை இருந்த நேரத்தில், முட்டையிடக் கரையேறிய பெருந்தலை ஆமை ஒன்று வண்டி ஏறிச் செத்தது. ஆமை கரைக்கு வரும் வயதை அடையப் பல பத்தாண்டுகள் ஆகும். அது அங்கே சட்டப்படி இருந்தது. வண்டிதான் சட்டத்தை மீறி இருந்தது. இதில் தீர்ப்புச் சொல்ல யோசிக்க என்ன இருக்கிறது?

ஓட்டுநரோடு, அந்தக் கரையைப் பராமரிக்கும் பூங்கா நிர்வாகத்தையும் கூண்டில் ஏற்ற வேண்டும். பொது நிலங்களில் வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லி அதிபர் நிக்சன் ஆணையிட்டது 1972-இல். ஹட்டெராஸுக்கு முழுமையான விதி வந்தது 2012-இல். இடையில் நாற்பது ஆண்டுகள். 2007-இல் பறவை, வனவிலங்கு ஆர்வலர் அமைப்புகள் வழக்குப் போட்டு, 2008-இல் நீதிமன்றத்தில் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அதிகாரி தூங்கிய நாற்பது ஆண்டில் கரைவாசிகளுக்கு ஒரு பழக்கம் உரிமையாக இறுகிவிட்டது. திடீரென்று கயிறு கட்டித் தடுத்தபோது பக்ஸ்டன், ஏவன் கிராமத்துக்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. விடுதி, தூண்டில் கடை, படகு என்று அவர்கள் பிழைப்பு அந்தக் கரையில்தான் இருக்கிறது.

அவர்கள் கையில் ஒரு நல்ல ஆதாரமும் உண்டு. 1952-இல் பூங்காத் துறை இயக்குநர் கான்ராட் விர்த் அந்தத் தீவு மக்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கரைக்குப் போகும் வழி எல்லோருக்கும் எப்போதும் உண்டு என்று அதில் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். எடுத்துக் காட்ட உரிமை உண்டு. ஆனால் அதே கடிதத்தில், மணல்மேடு அரிக்காமல் இருக்க வண்டிகள் கரைக்கு இறங்கும் இடங்களை வரையறுக்க வேண்டிவரும் என்றும் விர்த் சொல்லியிருந்தார். முதல் பாதியை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வது நேர்மையல்ல. நம் கரையில் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் செய்கிற வேலையை அங்கே கடல் ஓட்ஸ் புல் செய்கிறது. அதன் வேர்தான் மணல்மேட்டைக் கட்டிவைத்திருக்கிறது. அந்த மேடு போனால் அடுத்த புயலில் முதலில் முழுகுவது அதே கிராமங்கள்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உப்புக்கொத்திக் குஞ்சைச் சுற்றி 1,000 மீட்டருக்கு வண்டியே கூடாது என்று வைத்த எல்லை, கிராமங்களைக் கலந்து பேசாமல் வந்த கெடுபிடியாகவே அங்கே பார்க்கப்பட்டது. 2014-இல் காங்கிரஸ் தலையிட்டு மறுபரிசீலனை செய்யச் சொன்னபின் அது பாதியாகக் குறைந்தது. அந்தத் தளர்வை நாம் குறை சொல்லவில்லை. கரையை முற்றாக மூடு என்ற குரலோடும் நமக்கு உடன்பாடில்லை. காற்றை இறக்கி, மெதுவாக வந்து, ஓதம் பார்த்து நிறுத்தி, நாள் முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு, தன் குழியை மூடிவிட்டுப் போகும் கிழவரால் எந்தக் கரையும் கெட்டதில்லை. 2019-இல் ஹட்டெராஸில் 470-க்கும் மேற்பட்ட ஆமைக் கூடுகள் பதிவாயின. அதுவரை காணாத எண்ணிக்கை. முழுப் பெருமையும் வண்டி விதிகளுக்குப் போகாது. அந்த ஆண்டு தென்கிழக்குக் கரை முழுக்கவே கூடுகள் கூடின. ஆனாலும் கோடை இரவுகளில் வண்டி இல்லாத கரையும், கூடுகளைச் சுற்றிக் கட்டிய கயிறும் ஆமைக்குக் கெடுதல் செய்யவில்லை என்றாவது ஒப்புக்கொள்ளலாம்.

நம் நாட்டுப் பக்கம் திரும்பினால் சீட்டும் இல்லை, அழுத்தமானியும் இல்லை, வெட்கமும் இல்லை. 2024 ஜூனில் குஜராத்தின் முந்த்ராவில் ரீல்ஸ் எடுக்க இரண்டு 'தார்' ஜீப்களைக் கடலுக்குள்ளேயே இறக்கி மாட்டிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து மீட்டபின் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. கண்ணூரை அடுத்த முழப்பிலங்காட்டில் கெட்டியான மணலில் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கரையும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு 2017-இல் தார்ச்சாலை திறக்கும்வரை பழைய ஜீப்பையும் வேனையும் மணலில் ஓட்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு, வேறு வழியும் கிடையாது. இன்று ஈ.சி.ஆர். ஓரம் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் புது வண்டியை மணலில் இறக்கிப் பார்க்கிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

சென்னைக் கரையில் தை பிறந்தால் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து அந்த முட்டைகளைப் பொறுக்கிக் காப்பகத்தில் சேர்க்கிறார்கள். கண்ணில் படாமல் விட்டுப்போன கூடுகள் மணலுக்கு அடியில் இருக்கின்றன. எங்கே என்று எந்த ஓட்டுநருக்கும் தெரியாது. ஆகவே தை முதல் வைகாசி வரை, மீனவர் தொழிலுக்கும் மீட்புப் பணிக்கும் தவிர, தமிழகக் கரை மணலில் எந்த வண்டியும் இறங்கக் கூடாது என்று அரசு தெளிவாக ஆணையிட வேண்டும். மீறினால் அபராதம் போதாது, வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

பங்குனி ஆமை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்வதற்குத் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வார இறுதியில் மணலில் வண்டி இறக்கக் கிளம்பும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்பட்டும்.