பதக்கமும் பிரஜையின் தேகமும்

ஒரு தேசத்தின் கீர்த்தியை அதன் வீரர்கள் வென்றுவரும் பதக்கங்களைக்கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தை நாம் இகழவில்லை. அந்நிய மண்ணில் நமது கொடி உயரக் கண்டு உள்ளம் பூரியாதவர் யார்? ஆயினும் அப்பதக்கத்துக்கு விலை யாது, அவ்விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்பதும் தேசபக்தர்களின் கடமையே. அவ்வாறு கேட்க ஜனங்களுக்கு வாயில்லாதிருந்த ஒரு நாட்டின் சரித்திரத்தை இன்று நேயர்கள்முன் வைக்கிறோம்.

அந்நாடு, 1990-ல் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்து மறைந்துபோன கிழக்கு ஜெர்மனி. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் பந்தயத்தில் அதன் நீச்சல் வீராங்கனைகள் ஒரு தங்கப் பதக்கமும் பெறவில்லை. நான்கே ஆண்டுகள் சென்றபின், 1976-ல் மாண்ட்ரீலில், பெண்களுக்குரிய 13 நீச்சல் போட்டிகளில் 11-ல் அவர்களே முதலிடம் பெற்றனர். 1.7 கோடி ஜனத்தொகைகூட இல்லாத அந்நாடு அவ்வாண்டு மொத்தம் 40 தங்கம் வென்றது. 21 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களையுடைய அமெரிக்கா வென்றது 34. உலகம் வியந்தது. பொதுவுடைமை ஆட்சியின் ஒழுங்கே இதற்குக் காரணம் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. அந்த யுவதிகளின் குரல் ஏன் இவ்வளவு தடித்திருக்கிறது என்று கேட்டதற்கு, அவர்கள் நீந்த வந்தவர்களேயன்றிப் பாட வந்தவர்களல்லர் என்று விடை வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. விடை சாதுரியமானதுதான், அதற்குப் பின்னே இருந்தது கொடுமை.

1974-ல் அந்நாட்டு ஆட்சிக் கட்சியின் மேலிடம் '14.25' என்னும் எண் கொண்ட ஓர் இரகசியத் திட்டத்துக்குச் சம்மதமளித்தது. சர்க்காருக்குச் சொந்தமான ஜெனாபார்ம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 'ஓரல் டூரினபால்' என்னும் மருந்தை விளையாட்டு வீரர்களுக்கு ஒழுங்காகக் கொடுத்துவருவதே அதன் சாரம். நீலநிற மாத்திரைகள், வைட்டமின் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டன. பெற்றவர்களுக்குத் தெரியாமல் சிறுமிகளுக்கும் கொடுக்கப்பட்டன. இவ்வாறு மருந்துண்டவர்கள் சுமார் 10,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. இவ்வகை மருந்துகளைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1975-ல் தடைசெய்த பிறகும் திட்டம் நிற்கவில்லை. கிரைஷா என்னும் ஊரிலிருந்த பரிசோதனைச் சாலையில், வீரர்கள் வெளிநாடு புறப்படுமுன் அவர்கள் சிறுநீரைச் சோதிப்பார்கள். மருந்தின் அடையாளம் இன்னும் தென்படுமாயின் அவருக்குப் பயணமில்லை. குற்றத்தைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட சாஸ்திரம் குற்றத்தை மறைக்கும் காவலாயிற்று!

இம்மருந்து ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனைப் போலச் செய்யப்பட்டது. உண்ட புரதத்தைத் தசையாக்கும் வேலையை அது துரிதப்படுத்துகிறது. கடும் பயிற்சிக்குப்பின் தேகம் விரைவில் தேறுகிறது. ஆகவே மறுநாள் அதிகமாய்ப் பயில முடிகிறது. பெண்களிடத்தில் இச்சுரப்பு இயற்கையில் மிகச் சொற்பமாதலால், அவர்கள் தேகத்திலேயே மருந்தின் பலன் மிகுதியாய்த் தெரியும். பதக்க வேட்டைக்காரர்கள் பெண்களை நாடியதன் இரகசியம் இதுவே. ஆனால் தசை எது, குரல்வளை எது என்று மருந்துக்குப் பேதம் தெரியாது. குரல் தடிக்கிறது, தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் முழுதும் மீளுவதில்லை. முகத்தில் மயிர் முளைக்கிறது. மாதவிலக்கின் ஒழுங்கு குலைகிறது. வெளியிலிருந்து சுரப்பு வந்து குவியவே, சொந்தச் சுரப்பிகளை ஏவும் மூளை தன் ஏவலை நிறுத்திவிடுகிறது. வாய்வழி உட்கொள்வதற்காக, ஈரல் எளிதில் சிதைக்க முடியாதபடி அமைக்கப்பட்ட மருந்தாகையால், அந்த ஈரலே அடிபடுகிறது. இருதயத்தின் சுவர் தடிக்கிறது. வளரும் குழந்தைக்குக் கொடுத்தாலோ, எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சிப் பகுதி காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும்.

1986-ல் ஐரோப்பியப் போட்டியில் பெண்கள் குண்டு எறிதலில் முதன்மை பெற்றவர் ஹைடி கிரீகர். 16-ஆம் வயதுமுதல் அவருக்கு இம்மாத்திரை கொடுக்கப்பட்டது. அந்த 1986-ஆம் ஆண்டில் மாத்திரம் அவர் தேகத்தில் புகுந்தது 2,500 மில்லிகிராமுக்கு மேல். 1997-ல் அவர் அறுவைச் சிகிச்சையால் ஆணாக மாறி, ஆண்ட்ரியாஸ் கிரீகர் ஆனார். தாம் ஆணா பெண்ணா என்னும் ஐயம் தம் உள்ளத்தில் முன்பே இருந்ததென்றும், அதனைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை மருந்து பறித்துக்கொண்டது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய குறை பறிபோன அவ்வுரிமையைப் பற்றியது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மற்ற தேசத்தார் மாத்திரம் யோக்கியர்களோ என்று சிலர் கேட்கலாம். அல்லர். இவ்வகை மருந்தை 1958-ல் அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்தது ஒரு முதலாளிக் கம்பெனியே. அந்நாட்டுப் பளுதூக்கிகள் அதை ஆவலோடு உண்டார்கள். 1988-ல் சியோலில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிப் பிடிபட்ட பென் ஜான்சன் கனடா தேசத்தார். ஆனால் வயது வந்த ஒருவன் புகழாசையால் தானே நஞ்சுண்பது வேறு. சர்க்கார் தன் பிரஜைகளின் குழந்தைகளுக்கு அதைப் பொய் சொல்லி ஊட்டுவது வேறு. பின்னதைச் செய்தவர்கள் தேசத்தின் பெயராலேயே செய்தார்கள். அத்தேசம் அக்குழந்தைகளையன்றி வேறு யாரால் ஆயது என்று நாம் கேட்கிறோம்.

பெர்லின் சுவர் விழுந்தபின், வெர்னர் ஃபிராங்கே என்னும் விஞ்ஞானியும் அவர் மனைவி பிரிகிட்டே பெரெண்டோங்கும் இராணுவ வைத்தியக் கழகமொன்றிலிருந்த தஸ்தாவேஜுகளைக் கைப்பற்றி உண்மையை அம்பலமாக்கினர். 2000-ஆம் ஆண்டில், அந்நாட்டு விளையாட்டுத் துறையின் தலைவராயிருந்த மான்ஃபிரட் ஏவால்டுக்கு 22 மாதமும், வைத்திய அதிகாரி மான்ஃபிரட் ஹெப்னருக்கு 18 மாதமும் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். ஒருவரும் சிறை செல்லவில்லை. ஈரலும் இருதயமும் கெட்டவர்களின் தண்டனையை நிறுத்திவைப்பார் எவருமிலர்.

இது தொலைதேசத்துப் பழங்கதை என்று நாம் ஆறுதல் கொள்ள இடமில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு ஸ்தாபனத்தின் 2023-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, நமது தேசத்தில் சோதிக்கப்பட்ட 5,000-க்கு மேற்பட்ட மாதிரிகளில் நூற்றுக்கு 3.8 வீதம் தடைமருந்து காணப்பட்டது. அத்தனை மாதிரிகளைச் சோதித்த தேசங்களுள் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெதற்கும் இல்லை. இங்கே சர்க்கார் மருந்து ஊட்டவில்லை, உண்மை. ஆனால் ஒரு பதக்கம் ரயில்வேயிலோ போலீஸிலோ உத்தியோகமாக மாறும் நாட்டில், ஏழைப் பையனிடம் ஊசியை நீட்டுகிறவனுக்கு அதிகம் பேசவேண்டிய அவசியமில்லை. பிடிபட்டால் தடைக்குள்ளாகிறவன் பையன். தன் தேகத்தில் காணப்பட்டதற்குத் தானே பொறுப்பு என்பது விதி. ஊசியை நீட்டியவன் மறுவருஷம் வேறொரு மைதானத்தில் நிற்கிறான்.

2036-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை இந்நாட்டில் நடத்த விரும்புவதாக இந்திய ஒலிம்பிக் சங்கம் 2024-ல் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது. 2022-ல் பார்லிமெண்டு இயற்றிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் கையிலிருக்கிறது. சிறுவர் ஒருவர் பிடிபட்டால் அவருடைய பயிற்சியாளர் முதலியோரையும் விசாரித்தாக வேண்டும் என்று உலக விதிகளிலேயே கண்டிருக்கிறது. அவ்விசாரணைகள் எத்தனை நடந்தன, எவரெவர் தண்டிக்கப்பட்டனர் என்னும் விவரத்தை வருஷந்தோறும் பார்லிமெண்டின் முன் வைக்குமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.