இரண்டு கிலோ ஆம்ப்பும் நம் மேடைகளும்

நம் ஊர் மெல்லிசை மேடைகளில் எந்த வாத்தியத்துக்கு அதிக அநியாயம் நடக்கிறது என்று கேட்டால், பேஸ் கிட்டாருக்குத்தான் என்பேன். இளையராஜா பாட்டில் பேஸ் எப்படி நடக்கிறது என்று டீக்கடையில் நின்று பேசும் ரசிகர்கள் உள்ள ஊர் இது. அந்தப் பாடல்களில் சசிதரனின் வாசிப்பையும், ஏ.ஆர்.ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பையும் ஹெட்போன் மாட்டித் தனியே பிரித்து ரசிக்கிறார்கள். அதே பாட்டைத் திருவிழா மேடையில் வாசித்தால், ஸ்வரம் எதுவென்றே தெரியாத ஒரு தும் தும் மட்டும்தான் கூட்டத்தைப் போய்ச் சேருகிறது.

பேஸ் வாசிக்கும் பலருக்குச் சொந்த ஆம்ப் கிடையாது. கிட்டாரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் நீட்டும் வயரில் செருகுவார்கள். பாடகருக்கு வைத்த மானிட்டரில் பேஸும் கொஞ்சம் கேட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். தான் வாசிப்பது தன் காதில் விழாதபோது விரல் தானாக ஓங்கி அடிக்கும். ஸ்வரம் நிற்க வேண்டிய அளவு நிற்காது. டிரம்ஸோடு சேர்ந்து நடப்பதும் தவறும். ஆம்ப் வாங்காததற்கு விலை ஒரு காரணம். எடை அதைவிடப் பெரிய காரணமாக இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை.

1969-இல் அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப்பைக் கொண்டுவந்தது. 300 வாட்ஸ், 14 வால்வுகள். அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அது மேடையேறியது. ஒலியைப் பெருக்கும் பகுதியான அதன் ஹெட் மட்டும் 40 கிலோவை ஒட்டி இருந்தது. அதோடு இணைத்து வாசிக்கும், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட கேபினெட் அதைவிடக் கனம். இரண்டையும் மேடையில் ஏற்ற ஆட்கள் வேண்டும், கொண்டுபோக வேன் வேண்டும். இன்று அகிலார் டோன் ஹாமர் 500 என்ற ஹெட் 500 வாட்ஸ் தருகிறது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. ட்ரேஸ் எலியட் எல்ஃப் 200 வாட்ஸ். எடை முக்கால் கிலோதான். கிட்டார் பையின் முன்பக்கப் பாக்கெட்டிலேயே அடங்கிவிடும்.

இவ்வளவு எடை எங்கே போனது? பழைய ஆம்ப்பில் வீட்டு மின்சாரம் நேராக ஒரு டிரான்ஸ்பார்மருக்குப் போகும். நம் மின்சாரத்துக்கு நொடிக்கு 50 சுழற்சிதான். அவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தில் பெரிய பவரை எடுக்க, கனமான இரும்பும் செம்பும் தேவை. இப்போதைய ஸ்விட்சிங் பவர் சப்ளை, மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. அந்த வேகத்துக்கு மிகச் சின்ன டிரான்ஸ்பார்மரே போதும். ஒலியைப் பெருக்கும் பகுதியிலும் 'கிளாஸ் டி' முறை வந்துவிட்டது. டிரான்ஸிஸ்டர்கள் முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதுமாக வேலை செய்வதால் சூடாக வீணாகும் சக்தி மிகக் குறைவு. பெரிய அலுமினியத் தகடுகள் தேவைப்படுவதில்லை. மூன்றாவது மாற்றம் ஸ்பீக்கரில் நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் காந்தத்தைவிடப் பல மடங்கு வலுவானது. அதனால் ஸ்பீக்கருக்குச் சின்னக் காந்தமே போதும் என்று ஆயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஹெட்டில் அச்சிட்ட வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஹெட் வெறும் பவரைத்தான் தருகிறது. காற்றைத் தள்ளுவது கேபினெட். நான்கு தந்தி பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியின் அடித்தந்தி சுமார் 31. இவ்வளவு கீழ் ஸ்தாயியில் நிறையக் காற்றை அசைத்தால்தான் ஒலி பிறக்கும். ஸ்பீக்கர் செய்பவர்கள் ஹாஃப்மன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸ் வேண்டும், குறைந்த வாட்ஸிலேயே சத்தமாகப் பேச வேண்டும் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் கேட்டீர்கள் என்றால், அதற்கு விலையாக வாட்ஸைக் கொட்ட வேண்டும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சின்ன வித்தியாசம். ஆகவே பணத்தில் பெரும்பங்கைக் கேபினெட்டுக்கு ஒதுக்குங்கள்.

என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒரே மாதிரிதான். ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக, ஒரே மாதிரியான இரண்டு சின்ன 8 ஓம்ஸ் கேபினெட்டுகளை நோக்கிப் போங்கள். முதலில் ஒன்று, கையில் காசு சேர்ந்ததும் இரண்டாவது. டோன் ஹாமர் 500 ஒரு 8 ஓம்ஸ் பெட்டிக்கு 250 வாட்ஸ்தான் தரும். இரண்டாவதைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மின்தடை மொத்தம் 4 ஓம்ஸ் ஆகி, முழு 500 வாட்ஸும் வரும். பவரும் இரு மடங்கு, காற்றைத் தள்ளும் பரப்பும் இரு மடங்கு. இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை கூடுகிறது. வளைகாப்புக்கு ஒரு பெட்டி, கோயில் திடலுக்கு இரண்டு. ஹெட்டின் பின்புறம் குறைந்தபட்ச ஓம்ஸ் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே இறக்கினால் ஆம்ப் கெட்டுவிடலாம். எல்லாம் ஒரே பெட்டியாக வேண்டும் என்பவர்களுக்கு, இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களோடு 17 கிலோவுக்குள் அடங்கும் ஃபெண்டர் ரம்பிள் 500 போன்ற காம்போக்கள் இருக்கின்றன.

வாங்கியதை வைக்கும் இடமும் முக்கியம். முழங்கால் உயரத்தில் பெட்டியை வைத்து, அதன் அருகிலேயே நின்றால் உங்களுக்குத் தெளிவாகக் கேட்காது. நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். பத்தடி தள்ளி நிற்கும் பாடகருக்குத் தலை வலிக்கும். பெட்டியைக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள், அல்லது இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். பலகை மேடை தானே அதிர்ந்து ஒலியைக் குழப்பும். அங்கே பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கல்யாண மண்டபத்தில் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். திறந்தவெளித் திடலில் சுவரே இல்லாததால் தரையில் வைப்பதுதான் நல்லது. பேஸ் கேட்கவில்லை என்றதும் 'பேஸ்' திருகைத் திருப்பாதீர்கள். அதில் 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு பவர் வேண்டும். சின்ன ஸ்பீக்கர் திணறிவிடும். 'மிட்' திருகை ஏற்றுங்கள். ஸ்வரம் தெரியும் இடம் அங்கேதான் இருக்கிறது.

நம் மின்சாரத்துக்கு ஏற்ற கவனமும் தேவை. வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் ஆம்ப் என்றால் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருப்பதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு சரி. 100 முதல் 240 வரை என்றிருந்தால் ஜெனரேட்டரில் வோல்ட் இறங்கினாலும் தாங்கும். காற்றுத் துளைகளைத் துண்டு போட்டு மூடாதீர்கள். எடை இல்லாத ஹெட், அதிர்வில் நகர்ந்து நகர்ந்து கீழே விழும். அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். இரைச்சல் வந்தால் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருநாளும் ஒடிக்காதீர்கள். தந்தியில் ஒரு கையும் மைக்கில் உதடுமாக நிற்பவர்களின் உயிர் அந்த முள்ளில்தான் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பழைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பை உள்ளூர் மெக்கானிக் பிரித்துச் சரி செய்துவிடுவார். இந்தப் புதியவற்றில் பெரும்பாலும் முழு போர்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் சர்வீஸ் கிடைக்கும் பிராண்டாகப் பார்த்து வாங்குங்கள். பேஸை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆம்ப் நின்றாலும் கச்சேரி நிற்காது.

பெரிய அரங்குகளில் பேஸ் நேராக மிக்ஸருக்குப் போகிறது, வாசிப்பவர் இயர்போனில் கேட்டுக்கொள்கிறார், அங்கே ஆம்ப் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்த வசதி இருக்கும் இடத்தில் அதுவே போதும். நம் கச்சேரிகளில் பெரும்பாலானவை மண்டபத்திலும் தெருமுனையிலும் கோயில் வாசலிலும் நடக்கின்றன. அங்கே பேஸ் வாசிப்பவரைக் காப்பாற்றுவது அவர் கொண்டுவரும் பெட்டிதான். அதிலிருந்து டி.ஐ. வயர் மிக்ஸருக்குப் போகட்டும். மேடையில் அவருக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் பெட்டி பேசட்டும்.

குழு நடத்துபவர்களுக்கும் சவுண்ட் இன்ஜினியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேஸ் வாசிப்பவர் சொந்த ஆம்ப்போடு வந்தால் அதற்கு மேடையில் இரண்டடி இடமும், சவுண்ட் செக்கில் ஐந்து நிமிடமும் கொடுங்கள். பேஸ் வாசிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கிட்டார் வாங்கச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு நல்ல கேபினெட் வாங்குங்கள்.