பெட்டிக்கடை வரைக்கும் வராத ரீகால்

பாக்கெட் தின்பண்டத்துல கோளாறுன்னு தெரிஞ்சா, வித்த சரக்கக் கம்பெனி திரும்ப எடுக்கணும். 2006-ஆம் வருசத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே இது இருக்கு. 2017-ல இதுக்குன்னு தனி விதிமுறையும் வந்துச்சு. சட்டத்தக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அது எங்க விஸ்வநத்தம் மாதிரி ஊருப் பெட்டிக்கடைக்கு வந்து சேருதாங்கிறதுதான் என் கேள்வி.

2015 மேகி விசயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 4-ந் தேதி தமிழ்நாட்டுல மூணு மாசத் தடை. மறுநாள் நாடு முழுக்கத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு. சுமார் 38,000 டன் நூடுல்ஸ அழிச்சாங்க. ஆகஸ்ட்ல பம்பாய் ஹைகோர்ட் தடைய ரத்து பண்ணி, மறுபடி சோதிக்கச் சொல்லிச்சு. நவம்பர்ல மறுபடி விற்பனைக்கு வந்துருச்சு. யார் பக்கம் நியாயங்கிறது வேற கதை. ஒரே பேரு, மஞ்சப் பாக்கெட்டு, டி.வி.யில ராப்பகலாச் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட எத வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்சது.

எல்லா ரீகாலும் அப்படி இல்லீங்க. 2025 ஜனவரியில பதஞ்சலி மிளகாய்ப் பொடியில ஒரு பேட்ச மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னாங்க. பூச்சிமருந்து மிச்சம் அளவுக்கு மேல இருந்துச்சாம். தின்பண்டம் இல்லதான், ஆனா நடைமுறை ஒண்ணுதான். 4 டன், 200 கிராம் பாக்கெட்டா 20,000 வரும். பேட்ச் நம்பர் ஏஜேடி 2400012. அந்த நம்பர் இருந்தா விக்கக் கூடாது, பக்கத்து நம்பர்னா விக்கலாம்.

இத எங்க ஊரு அண்ணாச்சி கடையில வச்சுப் பாருங்க. அஞ்சு ரூபாப் பாக்கெட்டு சரம் சரமாத் தொங்கும். சைக்கிள்லயோ வேன்லயோ லைன்காரர் வந்து போட்டுட்டுப் போவாரு. பில்லு கிடையாது, துண்டுச்சீட்டுல மொத்தத் தொகை மட்டும் இருக்கும். காலையில பட்டாசு ஆபீசுக்குப் போற பொம்பளைங்க பிள்ளை கையில காசக் குடுத்துட்டுப் போவாங்க. பிள்ளை பல்லால கிழிக்கும்போதே நம்பரும் குப்பைக்குப் போயிரும்.

எங்க பக்கம் அச்சுத் தொழிலுக்குப் பேர் போனது. கவர்ல படமும் பேரும் எவ்வளவு பளிச்சுனு விழுதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா பேட்ச் நம்பரும் தேதியும் பிறகு, சரக்கு அடைக்கிற இடத்துல குத்துறது. கடுகு சைசுல, எண்ணெய்க் கை பட்டா அழியிற மாதிரி இருக்கும். முக்கியமானதுதான் கண்ணுக்குத் தெரியல.

விவசாயிக்கு இந்த நம்பரோட அருமை தெரியும். மக்காச்சோள விதை முளைக்கலன்னா, பில்லும் பையில உள்ள லாட் நம்பரும் இருந்தாத்தான் பேசவே முடியும். அதனால அறுப்பு முடியிறவரைக்கும் பத்திரமா வச்சிருப்போம். விதைக்கு இருக்கிற இந்த வழக்கம், பிள்ளை திங்கிற பண்டத்துக்கு இல்ல.

இன்னொண்ணு, காசு. ஒரு சரத்துல அண்ணாச்சிக்குக் கிடைக்கிறதே சொற்பம். திருப்பிக் குடுத்தா காசு உடனே வரும்னு தெரிஞ்சாத்தான் எடுத்து வைப்பாரு. இல்லாட்டி, கெட்டுப் போகலையேன்னு வித்து முடிக்கத்தான் பார்ப்பாரு. அவரத் திட்டிப் பிரயோசனம் இல்ல.

நான் கேக்கிறது மூணே மூணு. லைன்காரர் குடுக்கிற பில்லுல பேட்ச் நம்பர் இருக்கணும். திரும்ப எடுக்கிறப்ப அதே லைன்காரர் கையில காசோட வரணும். அறிவிப்பு தமிழ்ல, ரேஷன் கடையிலயும் பள்ளிக்கூடத்துலயும் ஒட்டணும். வெப்சைட்ல போட்டாச்சுன்னு சொல்றது டவுனுக்குச் சரி.

நகரத்துல இருக்கிற நீங்க பில்லு வாங்குறீங்க, புகார் குடுக்கிறீங்க, உங்க சத்தம் கம்பெனி காதுல விழுது. அடுத்த தடவ ஒரு ரீகால் செய்தி வந்தா, உங்க பாக்கெட்டப் பார்த்ததோட விட்டுறாதீங்க. ஊர்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு போன் போட்டு அந்த நம்பரச் சொல்லுங்க. இப்போதைக்கு அந்தச் செய்தி கிராமத்துக்கு வர்ற ஒரே வழி அதுவாத்தான் இருக்கு.