காற்றாடிப் பலகையைத் தெரிதல்

காமயகவுண்டன்பட்டியிற் பிறந்தார்க்குக் கடலோடு யாது தொடர்பு என்று எம் விடுதி நண்பர்கள் நகைப்பதுண்டு. கடலோடு தொடர்பில்லை; காற்றோடு உண்டு. ஆனி ஆடித் திங்களில் மேற்கு மலை வாய் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்று, திராட்சைப் பந்தற் கம்பிகளை இரவெல்லாம் அதிரச்செய்யும். அக்காற்றிற் பட்டம் விட்டு நூலாற் கையறுந்த சிறுவரே யாம். ஆதலின், காற்றாடி இழுக்க மனிதன் பலகைமேல் நின்று நீரின்மீது ஓடும் விளையாட்டொன்று இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் பயிற்றப்படுகிறது எனக் கேட்டவுடன் எம் ஊரினர் மூவரும் அதில் அவாவுற்றோம். லெகெனூ என்னும் பிரெஞ்சுச் சகோதரர் இருவர் 1984இல் காற்றடைத்த காற்றாடிக்கு உரிமை தேடிய நாள்தொட்டு வளர்ந்த இவ்விளையாட்டு, 2024இல் பாரிசு ஒலிம்பிக் பந்தயங்களிலும் இடம்பெற்றுவிட்டது.

பணத்தைத் திரட்டிப் பழைய பலகையொன்றை வாங்கினோம். நீளம் 144 செ.மீ., அகலம் 45 செ.மீ.; மேசைபோலத் தட்டை; வளைத்தால் வளையாத விறைப்பு. படத்தில் அஃது அழகாயிருந்தது. கடலில் அஃது எம்மை அடித்தது என்றே கூறல் வேண்டும். குறுந்திரை ஒவ்வொன்றிலும் அதன் முகப்பு மோதிற்று. மோதல்தோறும் முழங்கால் அதிர்ந்தது. நீர்த்துளி கண்ணை மறைத்தது. மூன்றாம் நாள் எம்முள் ஒருவர் படியேற இயலாது அமர்ந்துவிட்டார். குற்றம் விற்றவருடையதன்று, கடலை நோக்காது பலகையை மட்டும் நோக்கிய எம்முடையது.

இராமேசுவரத்தார் தம் இரு கடல்களையும் பெண்கடல், ஆண்கடல் என வழங்குவர். வடபாலுள்ள பாக்கு விரிகுடா அமைதியானது. தென்பாலுள்ள மன்னார் வளைகுடா அலையெழுப்புவது. ஆயினும், வாடை வீசுங்கால் பெண்கடலும் கரையை நோக்கிக் குத்தும் குறுந்திரையால் நிறைகிறது. அப்போது தென்கரையின் ஓரநீரே தட்டையாகிறது. கச்சான் காலத்தில் நிலைமை மாறும். அங்ஙனமாயின் எப்போதும் தட்டை நீரையே நாடலாமே என வினவலாம். நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றே பெரும்பாலும் நீரைத் தட்டையாக்குகிறது. அக்காற்றில் காற்றாடி வீழ்ந்தால், மீட்புப் படகு இல்லாத மாணாக்கன் கரையைவிட்டு விலகிக்கொண்டே செல்வான். கரையைச் சார்ந்து வீசும் காற்றே அவனுக்குக் காவல். அக்காற்றோ குறுந்திரையையும் உடன்கொணரும். ஆகவே, கற்போன் பெரும்பாலும் நிற்கப்போவது கலங்கிய நீரில்தான்.

அந்நீருக்கு ஏற்ற பலகை எது? இரு முனையும் சற்றே மேல்நோக்கி வளைந்ததே ஏற்றதென்பது எம் கருத்து. இவ்வளைவை ராக்கர் என்பர். வளைந்த முனை திரையைக் குத்தாது அதன்மேல் ஏறிச் செல்லும். முனைகள் நெகிழ்வுடையனவாயின் அதிர்ச்சியைப் பலகையே உண்டுவிடும். அடிப்புறத்தில் நீர் வழிய வாய்க்கால்போலும் குழிவுகள் இருத்தலும் நன்று. இதற்கு விலையும் உண்டு. தட்டைப் பலகை மெல்லிய காற்றிலும் விரைவில் நீர்மேல் எழும். காற்றை எதிர்த்து எளிதில் ஏறும். வளைந்ததோ அவ்விரண்டிலும் சிறிது பிந்தும். முழங்காலை நோக்க அவ்விழப்பை யாம் ஏற்கின்றோம். எம்மைப்போல் 55 கிலோ எடையுள்ளார்க்கு 134 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் போதும், அகன்ற பலகை நீரிற் துள்ளும்.

இவ்வறிவு புதியதன்று. சோழமண்டலக் கரையில் அலையைக் கடந்து செல்லும் கட்டுமரங்களின் முன்முகம் மேல்நோக்கி உயர்ந்திருத்தலைக் காண்க. கயிற்றாற் பிணைத்தமையின் அம்மரங்கள் அலைக்கேற்பச் சற்றே அசைந்து கொடுக்கும். மேலேறிய நீரும் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும். நம் நாட்டுப் படகு வடிவங்களை ஆராய்ந்து 1920இல் எழுதிய ஜேம்சு ஹார்னெல், அவை கரைக்குக் கரை வேறுபடுதலை விரித்துக் காட்டினார். கடல் வேறாயின் மரமும் வேறு. இதனை எம் பட்டப்படிப்பு எமக்குக் கற்பிக்கவில்லை. மண்டபத்து மீனவர் ஒருவர் எம் பலகையைத் திருப்பிப் பார்த்து, “இது குளத்துக்குத் தம்பி” என்றார்.

சிற்றலையில் விளையாட விழைவார் மற்றொன்று கூறுவர். வலியற்ற சிறிய அலை உந்தவேண்டுமாயின் பலகை அகன்றும் தட்டையாயும் மிதப்பு மிக்கும், ஒரே திசையில் முகப்புடையதாயும் இருத்தல் வேண்டும் என்பர். உண்மையே. குறுந்திரை வேண்டுவதும் சிற்றலை வேண்டுவதும் ஒன்றையொன்று மறுக்கின்றன. இரண்டையும் முற்றும் நிறைவேற்றும் பலகை இல்லை. ஆனால் அத்தகைய பலகையில் திரும்புங்கால் கால்மாற்றி நிற்றல் வேண்டும். ஆண்டிற்குப் பத்து நாள் கடலைக் காணும் எம்மனோர்க்கு அதனைப் பயில ஓய்வேது? நீருக்குள் சிறகு தாழ்த்தி அலைக்கு மேலே பறக்கும் ஒலிம்பிக் பலகையை நாடலாம் எனின், ஆழமற்ற இக்கடலில் கடற்புல்லும் மீன்வலையும் அச்சிறகைப் பற்றிக்கொள்ளும்.

சென்ற கிறித்துமசு விடுமுறையில் வளைந்த பலகையொன்றை வாடகைக்குப் பெற்று வாடைக்காற்றில் ஏறினோம். மாலையில் மூவரும் படியேறிச் சென்றே உணவருந்தினோம். பழைய பலகையை இன்னும் விற்கவில்லை. எம் விடுதியில் 90 கிலோ எடையுள்ள நண்பர் ஒருவர் உளர். காற்று மெலிந்து கடல் தட்டையாய்க் கிடந்த ஒருநாள் அதன்மேல் நின்று வெகுதூரம் சென்று திரும்பினார். அதனை அவருக்கே கொடுத்துவிடலாம் எனக் கருதுகின்றோம். விலைதான் இன்னும் படியவில்லை.