காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டிய கதவு



வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் கைது, பறிமுதல் என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவுவதை யாரும் எழுதுவதில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த சென்னையிலும் இதே நிலைதான்.

புது ஊசி தருவதும், போதை ஊசிக்கு மாற்றாக புப்ரெனார்பின் மாத்திரை தருவதும் அரசுத் திட்டங்களே. 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு இப்பணிக்குப் பாதுகாப்பும் தருகிறது.

இந்த மாற்று மாத்திரையைத் தரும் மையம் ஒன்றில் நான் செவிலியராக இருந்தேன். அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் வருவார். மாத்திரை நாக்கின் அடியில் கரையும்வரை எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் பார்வையோ சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். “ஏழு மணிக்கே லோடு இறங்குது சிஸ்டர், நீங்க ஒம்பதுக்குத்தான் திறக்கறீங்க” என்பார். கூலியா, மாத்திரையா என்ற நிலையில் ஒரு மாதத்தில் வருவதையே நிறுத்திவிட்டார். அவரைத் தேடிப் போகாதது இன்றும் என்னை உறுத்துகிறது. பெண்களோ மையத்தின் படியேறவே கூசினார்கள்.

கொரோனா ஊரடங்கில் சில நாளுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பினார்களே, அதை ஏன் தொடரக் கூடாது? மையங்களைக் காலை ஆறு மணிக்கே திறக்கட்டும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கட்டும். சுகாதாரத் துறை உடனே கவனிக்க வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், சென்னை